ஒரே நாளில் இரண்டு இணைப்புகள்: நற்பெயர்ப் பாடத்துக்கு அப்பால்

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 1. கொரோனா ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்று நம் நாட்டில் சில பெரிய இணைப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு அலகாபாத் வங்கி இணைந்தது. மற்றொன்று, ஹார்லிக்ஸ், பூஸ்ட் பானங்களைத் தயாரித்து வந்த கிளாக்ஸோஸ்மித்கிளைன் கன்ஸ்யூமர் ஹெல்த்கேர் நிறுமம் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுமத்தோடு இணைந்தது.

இரண்டிலும் பழைய பங்குதாரர்களுக்குப் புதிய பங்குகளே தரப்பட்டன. இரண்டிலும் ஒரு நிறுவனம் மறைந்து மற்றொன்று தொடர்ந்தது. ஆனால் கணக்கேடுகளில் இரண்டும் வெவ்வேறாகப் பதிவாயின. வங்கியின் ஏட்டில் இந்த இணைப்பால் நற்பெயர் எதுவும் தோன்றவில்லை. யூனிலீவரின் ஏட்டில் ஏறத்தாழ 17,300 கோடி ரூபாய் நற்பெயராக ஏறியது.

ஒரே வகையான நிகழ்வுக்கு எப்படி இரண்டு விதமான கணக்கு வரும்? கணக்குப்பதிவியல் என்றால் இரண்டும் இரண்டும் நான்கு என்று நம்பி வரும் மாணவர் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி இது. மேல்நிலை வகுப்புகளில் கணக்குப்பதிவியல் கற்பிக்கும் நான், இந்தக் கேள்விக்கு விடை தேடுவது நம் பாடத்தின் பல அலகுகளுக்கு உயிர் கொடுக்கும் என்று கண்டிருக்கிறேன். வணிகவியல் படிக்காத ஆசிரியர்களும் பின்தொடரும் வகையில் படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன்.

பாடநூலில் இது எங்கே வருகிறது?

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் நிறும இணைப்பு தனிப் பாடமாக இல்லை. ஆனால் அதன் உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன. கூட்டாண்மையில் நற்பெயரை மதிப்பிடும் முறைகளைக் கற்பிக்கிறோம். கூட்டாளி சேரும்போது சொத்துகளை மறுமதிப்பீடு செய்கிறோம். நிறுமக் கணக்குகளில் பங்குகளை முனைமத்தில் வெளியிடுவதைச் சொல்லித் தருகிறோம். இறுதியில் விகிதப் பகுப்பாய்வு வருகிறது. இந்த நான்கையும் ஒன்றாகக் கோத்தால் அதுதான் இணைப்புக் கணக்கு. மாணவர் நான்கு அலகுகளையும் தனித்தனித் தீவுகளாகப் படித்துத் தேர்வு எழுதிவிட்டுப் போகிறார். அவற்றுக்கிடையே பாலம் போட ஓர் இணைப்பு எடுத்துக்காட்டு உதவும்.

ஒரு சிறு கணக்கு

எண்களைச் சிறியதாக வைத்துக்கொள்வோம். 'அ' நிறுமம் 'ஆ' நிறுமத்தைத் தன்னோடு இணைத்துக்கொள்கிறது. 'ஆ'வின் இருப்புநிலைக் குறிப்பு இப்படி இருக்கிறது:

நிலம் 20 இலட்சம்; சரக்கும் பிற சொத்துகளும் 30 இலட்சம்; மொத்தச் சொத்து 50 இலட்சம்.
கடனீந்தோர் 10 இலட்சம். பங்கு முதல் 25 இலட்சம். பொதுக் காப்பு 15 இலட்சம். மொத்தம் 50 இலட்சம்.

ஆக, ஏட்டின்படி 'ஆ'வின் நிகரச் சொத்து 40 இலட்சம். ஆனால் ஏட்டில் தெரியாத இரண்டு செய்திகள் உண்டு. நிலம் வாங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் இன்றைய சந்தை விலை 50 இலட்சம். 'ஆ'வின் பொருளுக்கு மக்களிடம் நல்ல பெயர்; அந்த வணிகப் பெயரை மட்டும் விற்றாலே 10 இலட்சம் கிடைக்கும்.

இணைப்புக்காக 'அ' நிறுமம் 'ஆ'வின் பங்குதாரர்களுக்கு 2 இலட்சம் நேர்மைப் பங்குகளைத் தருகிறது. பங்கின் முகமதிப்பு 10 ரூபாய். சந்தை விலை 50 ரூபாய். முகமதிப்பில் பார்த்தால் கொடுத்தது 20 இலட்சம். சந்தை விலையில் பார்த்தால் கொடுத்தது 1 கோடி. இந்த இடத்தில்தான் வழி இரண்டாகப் பிரிகிறது.

முதல் வழி: ஏடுகளைச் சேர்ப்பது

இரண்டு குடும்பங்கள் ஒரே வீட்டுக்குக் குடிவந்தால் அவரவர் பாத்திரம் பண்டங்களை அப்படியே கொண்டுவந்து ஓர் அலமாரியில் அடுக்குவதைப் போன்றது இது. யாரும் யாரையும் விலைக்கு வாங்கவில்லை. இருவரும் சேர்ந்துவிட்டார்கள் என்பது இதன் அடிப்படைக் கருத்து. வணிக உலகில் இதைப் பூலிங் முறை என்பார்கள்.

சொத்துகள் பழைய ஏட்டு மதிப்பிலேயே, 50 இலட்சமாகவே, 'அ'வின் ஏட்டுக்கு வரும். கடனீந்தோர் 10 இலட்சம் அப்படியே வரும். பொதுக் காப்பு 15 இலட்சமும் அப்படியே வந்து சேரும். புதிதாகக் கொடுத்த பங்குகள் முகமதிப்பில் 20 இலட்சம் எனப் பதிவாகும். 'ஆ'வின் பழைய பங்கு முதல் 25 இலட்சம். அதற்குப் பதிலாகக் கொடுத்தது 20 இலட்சம். வேறுபாடான 5 இலட்சம் காப்பில் சேரும். நற்பெயர் இல்லை. நிலத்தின் உயர்ந்த விலையும் வணிகப் பெயரின் மதிப்பும் ஏட்டுக்கு வெளியிலேயே நிற்கும்.

இரண்டாம் வழி: வாங்கியதாகக் கொள்வது

இங்கே 'அ' நிறுமம் 'ஆ'வை விலைக்கு வாங்கியதாகவே கொள்கிறோம். சந்தையில் ஒரு பொருளை வாங்கினால், விற்றவர் அதை எத்தனை ரூபாய்க்கு வாங்கினார் என்பதையா நம் ஏட்டில் எழுதுகிறோம்? நாம் கொடுத்த விலையை எழுதுகிறோம். அதே கொள்கைதான். ஒவ்வொரு சொத்தையும் அன்றைய நியாய மதிப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். விற்றவர் ஏட்டில் இல்லாத வணிகப் பெயரையும் தனியே அடையாளம் கண்டு மதிப்பிட வேண்டும். வரியின் விளைவை இப்போதைக்கு ஒதுக்கிவைத்தால் பதிவு இப்படி அமையும் (இலட்சத்தில்):

நிலம் க/கு ப 50
சரக்கும் பிற சொத்துகளும் க/கு ப 30
வணிகப் பெயர் க/கு ப 10
நற்பெயர் க/கு ப 20
கடனீந்தோர் க/கு 10
நேர்மைப் பங்கு முதல் க/கு 20
பத்திர முனைமம் க/கு 80

கரும்பலகையில் எழுதும்போது நற்பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். 110 இலட்சத்துக்குச் சமன் செய்ய எவ்வளவு குறைகிறது என்று மாணவரே கண்டுபிடிக்கட்டும். கொடுத்த விலை 100, பெற்ற நிகரச் சொத்தின் நியாய மதிப்பு 80, மீதி 20. கூட்டாண்மைப் பாடத்தில் சராசரி இலாபம், உயர் இலாபம் என்று சூத்திரம் போட்டுக் கண்டறிந்த நற்பெயர் இங்கே எஞ்சிய தொகையாக வருகிறது. நற்பெயர் என்பது தனியே தொட்டுக் காட்ட முடியாத மிச்சம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது அடுத்த ஆண்டு 'ஆ'வின் தொழிலிலிருந்து 12 இலட்சம் இலாபம் வருகிறது என வைத்துக்கொள்வோம். முதல் வழியில் அந்தத் தொழிலுக்கான முதலீடு 40 இலட்சம். ஈட்டிய வருவாய் 30 விழுக்காடு. இரண்டாம் வழியில் முதலீடு 100 இலட்சம். வருவாய் 12 விழுக்காடு. தொழிற்சாலை அதே தொழிற்சாலை, வாடிக்கையாளர் அதே வாடிக்கையாளர். விழுக்காடு மட்டும் பாதிக்கும் கீழே போய்விட்டது.

விதி ஏன் மாறியது?

மேலே கண்ட விழுக்காட்டைப் பார்த்தாலே காரணம் புரியும். நிர்வாகிகள் முதல் வழியையே விரும்பினார்கள். கொடுத்த உண்மையான விலை ஏட்டில் தெரியாது; வருவாய் விகிதம் அழகாக இருக்கும்; நற்பெயரைப் போக்கெழுதும் சுமையும் இல்லை.

அமெரிக்காவில் 1970இல் வந்த விதி, பூலிங் முறையைப் பயன்படுத்தப் பன்னிரண்டு நிபந்தனைகளை வைத்தது. வாங்கியதாகப் பதிவு செய்தால் நற்பெயரை அதிகபட்சம் 40 ஆண்டுகளுக்குள் போக்கெழுத வேண்டும் என்றது. நாளடைவில், நிபந்தனைகளுக்குப் பொருந்துமாறு ஒப்பந்தங்களையே வடிவமைக்கும் பழக்கம் வளர்ந்தது. ஒரே மாதிரியான இரண்டு இணைப்புகளை ஒப்பிட முடியாத நிலை வந்தது. 2001இல் அந்நாட்டுத் தரநிலை வாரியம் பூலிங் முறையை நீக்கியது. அதே நேரத்தில் நற்பெயரை ஆண்டுதோறும் போக்கெழுதுவதையும் நிறுத்தி, மதிப்பு குறைந்திருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கச் சொன்னது. பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஃப்.ஆர்.எஸ். 3, 2004இல் அதே வழியில் வந்தது, 2008இல் திருத்தப்பட்டது.

புதிய விதி வந்த உடனே அதன் வலிமையை உலகம் பார்த்தது. ஏ.ஓ.எல்., டைம் வார்னர் நிறுவனங்களின் இணைப்பு 2001 ஜனவரியில் நிறைவேறியது. அப்போது இணையதள நிறுவனங்களின் பங்கு விலை உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தது. 2002இல் மதிப்பிழப்புச் சோதனை நடத்தியபோது நற்பெயரின் பெரும்பகுதி கரைந்துபோனது தெரிந்தது. அந்த ஓராண்டில் அந்நிறுவனம் காட்டிய நட்டம் ஏறத்தாழ 9,870 கோடி டாலர்.

நம் நாட்டில் விதிகள்

நான் இளங்கலை வணிகவியல் படித்த காலத்தில் இணைப்பு என்றாலே ஏ.எஸ். 14தான். இந்தியப் பட்டயக் கணக்கர் நிறுவனம் வெளியிட்ட இந்தத் தரநிலை 1995 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது இணைப்புகளை இரண்டாகப் பிரித்தது: சேர்க்கையின் தன்மை கொண்டவை, கொள்முதலின் தன்மை கொண்டவை. சேர்க்கை எனக் கொள்ள ஐந்து நிபந்தனைகள்:

1. மறையும் நிறுமத்தின் எல்லாச் சொத்துகளும் பொறுப்புகளும் மாற வேண்டும்.
2. நேர்மைப் பங்கின் முகமதிப்பில் குறைந்தது 90 விழுக்காட்டை வைத்திருப்போர் புதிய நிறுமத்தின் பங்குதாரராக வேண்டும்.
3. மறுபயன் முழுவதும் நேர்மைப் பங்குகளாகவே இருக்க வேண்டும். பின்னப் பங்குகளுக்கு மட்டும் ரொக்கம் தரலாம்.
4. மறையும் நிறுமத்தின் தொழிலைத் தொடர்ந்து நடத்தும் எண்ணம் இருக்க வேண்டும்.
5. கணக்கியல் கொள்கைகளை ஒரே சீராக்குவதற்காக அன்றி, ஏட்டு மதிப்புகளை மாற்றக் கூடாது.

ஐந்தும் பொருந்தினால் பூலிங் முறை. ஒன்று தவறினாலும் கொள்முதல் முறை. கொள்முதல் முறையில் தோன்றும் நற்பெயரைப் பொதுவாக 5 ஆண்டுகளுக்குள் போக்கெழுத வேண்டும்.

பிறகு 2015 பிப்ரவரியில் பன்னாட்டுத் தரநிலைகளை ஒட்டிய புதிய தரநிலைகள் 'இண்ட் ஏ.எஸ்.' என்ற பெயரில் அறிவிக்கப்பட்டன. 500 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிகர மதிப்புள்ள நிறுமங்களுக்கு 2016 ஏப்ரல் 1 முதல் இவை கட்டாயமாயின. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட மற்ற நிறுமங்களுக்கும், 250 கோடிக்கு மேல் நிகர மதிப்புள்ள பிற நிறுமங்களுக்கும் 2017 ஏப்ரல் 1 முதல். இவற்றுள் இணைப்புக்குரியது இண்ட் ஏ.எஸ். 103. இதன்படி வெளியார் இருவர் இணைந்தால் வாங்கியதாகவே கொள்ள வேண்டும். ஒரே உரிமையாளரின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுமங்கள், எடுத்துக்காட்டாகத் தாய் நிறுமமும் அதன் துணை நிறுமமும், இணையும்போது மட்டும் பூலிங் முறை. வீட்டுக்குள்ளேயே ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் பொருளை மாற்றுவதை வியாபாரம் என்று சொல்ல முடியாது அல்லவா?

சட்டமும் துணை நின்றது. நிறுமங்கள் சட்டம், 2013இன் 232ஆம் பிரிவின்படி, இணைப்புத் திட்டத்தில் சொல்லப்பட்ட கணக்கு முறை தரநிலைகளுக்கு உட்பட்டது எனத் தணிக்கையாளர் சான்று தந்தால்தான் தீர்ப்பாயம் திட்டத்துக்கு ஒப்புதல் தரும்.

ஆனால் சிறிய நிறுமங்களுக்கு ஏ.எஸ். 14 இன்றும் உண்டு. வங்கிகளுக்கு இண்ட் ஏ.எஸ். நடைமுறையாவதை ரிசர்வ் வங்கி 2019 மார்ச்சில் தள்ளிவைத்தது. ஏப்ரல் 1, 2020 அன்று நடந்த இரு இணைப்புகள் இரண்டு விதிகளின்கீழ் வந்தது இதனால்தான்.

இரு இணைப்புகளையும் மீண்டும் பார்ப்போம்

அலகாபாத் வங்கியின் 1,000 பங்குகளுக்கு இந்தியன் வங்கியின் 115 பங்குகள் தரப்பட்டன. இரண்டுக்கும் முகமதிப்பு 10 ரூபாய். ஏட்டில் 10,000 ரூபாய்ப் பங்கு முதல் மறைந்து 1,150 ரூபாய்ப் பங்கு முதல் தோன்றுகிறது. வேறுபாடு 8,850 ரூபாய் காப்பில் சேரும். பங்குகளின் அன்றைய சந்தை விலை இந்தப் பதிவுக்குத் தேவையே இல்லை. நம் 'அ', 'ஆ' கணக்கின் முதல் வழி இது.

ஹார்லிக்ஸ் கதை வேறு. ஒரு கிளாக்ஸோ பங்குக்கு 4.39 யூனிலீவர் பங்குகள் என 2018 டிசம்பரில் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. அன்றைய விலையில் அந்த நிறுமத்தின் மதிப்பு ஏறத்தாழ 31,700 கோடி ரூபாய். ஆனால் இண்ட் ஏ.எஸ். 103, கட்டுப்பாடு கைமாறும் நாளின் மதிப்பைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. 2020 ஏப்ரலுக்குள் யூனிலீவர் பங்கின் விலை உயர்ந்திருந்தது. கொள்முதல் மறுபயன் 40,000 கோடிக்கு மேல் எனப் பதிவாயிற்று. பங்கு விகிதம் மாறவில்லை, கூடுதலாக ஒரு பங்கும் தரப்படவில்லை. எனினும் விலை 8,000 கோடிக்கு மேல் கூடிவிட்டது. அந்தக் கூடுதலின் சுமை பெரும்பாலும் எங்கே போய் அமரும்? எஞ்சிய தொகையான நற்பெயரில்தான். நற்பெயர் எண் பெரிதாக இருந்தால் வாங்கியவர் பெரிய மதிப்பைப் பெற்றுவிட்டார் என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

முனைமப் பாடத்துக்கும் இது உதவும். யூனிலீவர் பங்கின் முகமதிப்பு 1 ரூபாய். வெளியிட்ட புதிய பங்குகள் 18 கோடிக்குச் சற்று மேல். எனவே பங்கு முதலில் சேர்ந்தது 18 கோடி ரூபாய் சொச்சம். 40,000 கோடியில் மீதி அனைத்தும் பங்கு வெளியீட்டு முனைமம்.

விகிதத்தைப் படிக்கும்போது கவனம்

விகிதப் பகுப்பாய்வு அலகில் இந்த எடுத்துக்காட்டைத் தருகிறேன். 2019-20இல் யூனிலீவரின் நிகர இலாபம் ஏறத்தாழ 6,700 கோடி; ஆண்டு இறுதியில் பங்குதாரர் நிதி ஏறத்தாழ 8,000 கோடி. வகுத்தால் 84 விழுக்காடு. 2020-21இல் இலாபம் ஏறத்தாழ 7,950 கோடி. பங்குதாரர் நிதி ஏறத்தாழ 47,400 கோடி. வகுத்தால் 17 விழுக்காடு.

எண்களை மட்டும் கொடுத்து "இந்த நிறுமத்துக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டால், மாணவர்கள் "நிர்வாகம் கெட்டுப்போச்சு சார்", "கொரோனாவில் வியாபாரம் படுத்துடுச்சு சார்" என்கிறார்கள். "இலாபம் கூடியிருக்கே, கவனிச்சீங்களா?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். பிறகு யாராவது ஒருவர் பங்குதாரர் நிதி ஏன் ஆறு மடங்கானது என்று கேட்பார். அந்தக் கேள்வி பிறந்துவிட்டால் பாடம் நடந்துவிட்டது. இந்த வீழ்ச்சியின் பெரும்பகுதி தொழிலில் ஏற்பட்டதில்லை. இணைப்பைச் சந்தை விலையில் பதிவு செய்ததால் வகுக்கும் எண் பெருத்துவிட்டது.

இதிலிருந்து நாம் மாணவருக்குத் தர வேண்டிய பழக்கம் ஒன்றுதான். ஒரு நிறுமத்தின் இரண்டு ஆண்டுகளையோ, இரண்டு நிறுமங்களையோ ஒப்பிடும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இடையில் இணைப்பு ஏதும் நடந்ததா? எந்தத் தரநிலையின்படி பதிவு செய்தார்கள்? சொத்துகள் பழைய ஏட்டு மதிப்பிலா, நியாய மதிப்பிலா நிற்கின்றன? இந்த மூன்றுக்கும் விடை, ஆண்டறிக்கையில் எண்களுக்குப் பின்னால் வரும் கணக்குக் குறிப்புகளில் இருக்கும். பலரும் புரட்டாத பக்கங்கள் அவை.

போக்கெழுதுவதா, சோதித்துப் பார்ப்பதா?

நம் 'அ', 'ஆ' கணக்குக்குத் திரும்புவோம். நற்பெயர் 20 இலட்சம். ஏ.எஸ். 14இன் கொள்முதல் முறையில் 5 ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 4 இலட்சம் செலவு. 12 இலட்சம் இலாபம் 8 இலட்சமாகும். இண்ட் ஏ.எஸ். 103இல் அந்தச் செலவு இல்லை. இலாபம் 12 இலட்சமாகவே நிற்கும். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்தத் தொழில் எதிர்காலத்தில் ஈட்டக்கூடிய தொகையைக் கணித்து, மதிப்பு குறைந்திருந்தால் குறைவு முழுவதையும் அந்த ஆண்டிலேயே நட்டமாகக் காட்ட வேண்டும்.

போக்கெழுதுதல் மாதத் தவணை போல, சிறிது சிறிதாக, முன்கூட்டியே தெரிந்து வரும். மதிப்பிழப்பு திடீரென்று வரும். டாட்டா ஸ்டீல் நிறுமம் 2007இல் ஐரோப்பாவின் கோரஸ் எஃகு நிறுவனத்தை ஒரு பங்குக்கு 608 பென்ஸ் கொடுத்து வாங்கியது. அடுத்த ஆண்டே உலகப் பொருளாதார நெருக்கடி. ஐரோப்பாவில் எஃகுத் தேவை சரிந்தது. 2013 மே மாதம், பெரும்பாலும் அந்த ஐரோப்பியத் தொழிலைச் சார்ந்து, 8,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிழப்பை டாட்டா ஸ்டீல் அறிவித்தது. அன்று ரொக்கம் எதுவும் வெளியே போகவில்லை. பணம் 2007லேயே போய்விட்டது. ஏடு அதை ஒப்புக்கொள்ள ஆறு ஆண்டுகள் ஆயின.

இதில் எது சரி என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. எதிர்கால வருவாயைக் கணிப்பவர் நிர்வாகியே என்பதால், மதிப்பிழப்பு காலம் கடந்தே வெளிவருகிறது என்பது ஒரு தரப்பு. 5 ஆண்டு, 40 ஆண்டு என்று எண் குறிப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை என்பது மறுதரப்பு. பன்னாட்டுத் தரநிலை வாரியம் மீண்டும் போக்கெழுதும் முறைக்குத் திரும்பலாமா என்று ஆராய்ந்து, 2022இல் இப்போதைய முறையே தொடரட்டும் என முடிவு செய்தது. அமெரிக்காவிலோ பட்டியலிடப்படாத நிறுவனங்கள் 10 ஆண்டுகளில் போக்கெழுதிக்கொள்ள இசைவு உண்டு.

இந்த விவாதத்தை மாணவரிடம் மறைக்க வேண்டியதில்லை. முன்னெச்சரிக்கைக் கொள்கை, ஒப்பீட்டுத் தன்மை, நம்பகத்தன்மை என்று பதினோராம் வகுப்பில் வரையறைகளாக மனப்பாடம் செய்தவை ஒன்றோடொன்று மோதும் இடம் இதுதான்.

வகுப்பறைக்குச் சில செயல்பாடுகள்

ஆறாம் வகுப்புக் கணிதத்தில் விகிதமும் விகிதசமமும் வருகின்றன. "1,000 பங்குக்கு 115 பங்கு என்றால் 400 பங்கு வைத்திருந்தவருக்கு எத்தனை?" என்று கேட்கலாம். 46 என்று முழு எண்ணாக வரும். 300 பங்கு என்றால் 34.5. அரைப் பங்கை என்ன செய்வது என்று குழந்தைகளே பேசட்டும். அந்தப் பின்னத்துக்கு ரொக்கம் தருவார்கள் என்று சொன்னால், பின்னம் பாடநூலுக்கு வெளியிலும் வாழ்கிறது என்று புரியும்.

உயர்நிலை வகுப்புகளில் வீட்டில் உள்ள பொருள்களின் உறைகளைக் கொண்டுவரச் சொல்லலாம். ஹார்லிக்ஸ் உறையின் பின்புறம் உற்பத்தியாளர் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். பெயர் பழையது, உரிமையாளர் புதியவர் என்பதைக் கண்ணால் காண்பார்கள். ஒரு பெயருக்கு ஏன் விலை இருக்கிறது என்ற உரையாடலை அங்கிருந்து தொடங்கலாம்.

மேல்நிலை வகுப்பில் மேலே கண்ட கணக்கை இரு குழுக்களுக்குக் கொடுங்கள். ஒரு குழு பூலிங் முறையில் செய்யட்டும். மற்றொரு குழு கொள்முதல் முறையில். இரண்டு இருப்புநிலைக் குறிப்புகளையும் அருகருகே கரும்பலகையில் எழுதி, "வங்கி மேலாளராக இருந்தால் எதை நம்பிக் கடன் கொடுப்பீர்கள்?" என்று மூன்றாவது குழுவைக் கேளுங்கள். இரு பக்கமும் நியாயம் கிடைக்கும். ஒரே விடை வராவிட்டால் பதற வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பொதுத்தேர்வில் பாடநூல் முறைப்படியே விடை எழுத வேண்டும். கூட்டாண்மைக் கணக்கில் இண்ட் ஏ.எஸ். 103ஐக் கொண்டுவந்து குழப்பக் கூடாது. இதை வகுப்பின் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. அலகை முடித்து, பயிற்சிக் கணக்குகளும் போட்ட பிறகு ஒரு பாடவேளையை மட்டும் இதற்கு ஒதுக்கினால் போதும்.

அந்த ஒரு பாடவேளை எதற்காக? நம் மாணவர்களில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள். பி.காம். சேர்ந்தபின் "பள்ளியில் நற்பெயரைப் போக்கெழுதச் சொன்னார்களே, இங்கே கூடாது என்கிறார்களே" என்று திகைப்பவர்களும் உண்டு. விதி என்பது மனிதர் ஒரு காரணத்துக்காக எழுதியது, காரணம் மாறினால் விதியும் மாறும் என்று பள்ளியிலேயே கேட்டுவிட்ட மாணவர் அங்கே திகைக்க மாட்டார். எப்போது மாறியது, ஏன் மாறியது என்று கேட்பார். நாளை அவர் கணக்கராகலாம். அல்லது சேமிப்பைப் பங்கிலோ பரஸ்பர நிதியிலோ போடும் சாதாரணக் குடிமகனாகலாம். எப்படியானாலும் 84 விழுக்காடு 17 ஆனதைப் பார்த்ததும் பதறி விற்காமல், கணக்குக் குறிப்புகளின் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் அவருக்குக் கைகொடுக்கும்.